பள்ளிக்கு வரும் பணமும் பிள்ளைக்குச் சேரும் பணமும்

(வெள்ளி விழாவின் கல்வி அமர்வில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., அவர்கள் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு "மத்திய அரசின் நிதியும் நமது நடுநிலைப் பள்ளியும்" என்பதாகும். தலைவர்களின் தியாகத்தைப் பற்றிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். மானியத்தைப் பற்றிப் பேசினால் கொட்டாவிதான் கிடைக்கும் என்பதை நான் அறிவேன். ஆயினும் குழுவினர் இத்தலைப்பைக் கொடுத்தமைக்காக நான் மகிழ்கின்றேன். நம் பிள்ளைகளுக்கென்று சட்டப்படி ஒதுக்கப்பட்ட பணம் எங்கெங்கே நின்று போகின்றது என்பதை நம்மவர்கள் கூடியுள்ள சபையில் பேசாமல் வேறு எங்கே பேசுவது? (இப்போது ஒன்றிய அரசு என்று சொல்லுகின்றார்கள். முப்பது ஆண்டுப் பழக்கத்தால் என் வாயில் மத்திய அரசு என்றே வந்து விடுகின்றது. பொறுத்தருள்க.)

முதலில் என் சொந்தக் கதையைச் சிறிது கூறி விடுகின்றேன். 1982 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தபோது நான் ஏழாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. என் தம்பி மூன்றாம் வகுப்பு. சின்னக் குழந்தைகளுக்கென்று தொடங்கப்பட்ட திட்டமாதலால் அவனுக்குத் தட்டு கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவன் தன் தட்டில் பாதியை மிச்சம் வைத்துப் பள்ளிக்கூடத்துப் பின்புறத்துப் புளிய மரத்தடியில் எனக்காகக் காத்துக் கொண்டிருப்பான். 1984 இல்தான் பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கும் உணவு என்று திட்டம் விரிவாக்கப்பட்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் என்னோடு படித்தவர்களுள் எத்தனை பேர் படிப்பை விட்டு மலைக்குக் கூலி வேலைக்கு ஏறினார்கள் என்பதை நான் விரல் விட்டு எண்ணிச் சொல்ல முடியும். பெயர் சொல்ல விரும்பவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டபோதும் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை என்றுதான் தொடங்கினார்கள். எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புத் தங்கை உப்புமா சாப்பிட, ஆறாம் வகுப்பு அண்ணன் சுவரோரம் நின்று பார்த்துக் கொண்டிருந்த காட்சியைக் கண்டபோது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய புளிய மரம் என் கண்முன் வந்து நின்றது. எந்தத் திட்டத்திற்கும் ஒரு கோடு உண்டு. அக்கோடு எங்கே போடப்பட்டிருக்கின்றது, அதற்கு வெளியே நிற்கும் பிள்ளை யார் என்று பார்ப்பதே தலைமையாசிரியனின் முதல் வேலை என்று நான் கருதுகின்றேன்.

நம் மக்களின் கல்விக்கு அரசுப் பணம் என்பது யாரோ மனமிரங்கிப் போட்ட பிச்சையன்று. அதற்கு வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் 1920 களில் தொழிலாளர் துறை நமக்கெனத் தனிப் பள்ளிகளைத் தொடங்கியது. நம் பாட்டன்மார் அதனை "லேபர் பள்ளிக்கூடம்" என்றே அழைத்தனர். பொதுப் பள்ளியின் கதவு அடைத்துக் கிடந்ததால் பிறந்தவை அப்பள்ளிகள். இன்றைய ஆதி திராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான் இருக்கின்றது. பின்னர் அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1942 இல் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து ஒரு நீண்ட விண்ணப்பத்தை அரசிடம் அளித்தார். அதில் உயர்கல்விக்குப் பணம் வேண்டும் என்பது தலையாய கோரிக்கைகளுள் ஒன்று. 1944 இல் பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை தொடங்கியது. போஸ்ட்மெட்ரிக் என்று நாம் சொல்லும் அந்த உதவித்தொகை எண்பது ஆண்டுகளைக் கடந்து இன்றும் நடைபெறுகின்றது. நான் பி.ஏ. படித்ததும் அதில்தான்.

இனிப் பொருளுக்கு வருகின்றேன்.

நடுநிலைப் பள்ளிக்கு வரும் மத்திய அரசுப் பணத்தில் இரண்டு வகை உண்டு. தலையை எண்ணிப் பள்ளிக்கு வருவது ஒன்று. தாளைப் பார்த்துப் பிள்ளைக்கு வருவது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்து அறிந்து கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்து விடும்.

முதல் வகையை எடுத்துக் கொள்வோம். 2000 மாவது ஆண்டையொட்டி வந்த அனைவருக்கும் கல்வித் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். 2018 இல் அதனையும் இடைநிலைக் கல்வித் திட்டத்தையும் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தையும் ஒன்றாக்கி ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். இதில் நூற்றுக்கு அறுபது பங்கு மத்திய அரசும் நாற்பது பங்கு மாநில அரசும் தருதல் வேண்டும் என்பது ஏற்பாடு. இத்திட்டத்தில் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஆண்டு மானியம் ஒன்று உண்டு. 31 முதல் 100 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாய். 101 முதல் 250 வரை 50,000. அதற்கு மேல் 1,000 வரை 75,000. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு இலட்சம். அதில் பத்தில் ஒரு பங்கையேனும் தூய்மைப் பணிக்குச் செலவிடல் வேண்டும்.

இக்கணக்கைச் சற்று உற்றுப் பாருங்கள். 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 25,000. 101 பிள்ளைகள் இருந்தால் 50,000. அந்த நூற்றோராவது பிள்ளை ஒருத்தி பள்ளிக்குள் நுழைந்தாளானால் அவளோடு 25,000 ரூபாயும் நுழைகின்றது. அவள் ஏலக்காய் எடுக்கப் போய்விட்டால் அப்பணமும் போய்விடுகின்றது. ஆறு முதல் எட்டு வகுப்பு வரையிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தால்தான் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றிற்குப் பகுதி நேர ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை கூறுகின்றது. தமிழ்நாட்டில் 2012 இல் அவ்வாறு 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். ஆகவே, வசதியுள்ளவன் தன் பிள்ளையைத் தனியார் வேனில் ஏற்றி அனுப்பும்போது, நம் சேரிப் பிள்ளையின் பள்ளியில் ஓவிய ஆசிரியரும் இல்லாமற் போகின்றார். இதனை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஆனால் நடந்து விடுகின்றது.

பள்ளி மானியத்தை வைத்து என்ன செய்யலாம்? 180 பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று வைத்துக் கொள்ளுங்கள். 50,000 ரூபாயைப் பங்கிட்டால் தலைக்கு ஏறத்தாழ 278 ரூபாய். மின் கட்டணம், சுண்ணக்கட்டி, பதிவேடு, பினாயில், குழாய் பழுது, உடைந்த ஓடு என்று கரைந்து விடும். பல ஆண்டுகளில் பாதித் தொகை முதலில் வரும்; மீதிப் பாதி மார்ச் மாதத்தில் மூச்சு வாங்கிக் கொண்டு வரும். முன்பு பணம் பள்ளியின் வங்கிக் கணக்கில் தங்கும். 2021 இல் கொண்டு வரப்பட்ட முறைப்படி கணக்கில் பணம் தங்குவதில்லை. செலவு வரம்பு மட்டுமே திறக்கப்படும். மார்ச் 31 க்குள் செலவு செய்யாவிடில் கதவு மூடிக் கொள்ளும்.

என் தவறு ஒன்றை இங்கே ஒப்புக் கொள்கின்றேன். தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், பார்வைக்கு அதிகாரிகள் வருகின்றார்கள் என்று அஞ்சி, மானியத்தில் பெரும் பகுதியை முன்பக்கச் சுவருக்கு வண்ணம் பூசுவதில் செலவழித்து விட்டேன். தேசத் தலைவர்கள் அனைவரும் சுவரில் அழகாக இருந்தார்கள். அதே ஆண்டில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஏழாம் வகுப்பில் படித்த மூன்று பெண்கள் மாதத்தில் நான்கு நாள் வருவதில்லை என்று வருகைப் பதிவேடு சொல்லிக் கொண்டேயிருந்தது; எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. சத்துணவு சமைக்கும் அம்மையார் ஒருநாள், "சார், காந்தி தாத்தாவுக்கு மூக்குக் கண்ணாடி போட்டீங்க, பிள்ளைகளுக்கு ஒரு கொண்டி போடலையே" என்றார். அடுத்த வாரமே போட்டோம். ஒரு தாழ்ப்பாளின் விலை எண்பது ரூபாய்.

இரண்டாவது வகைக்கு வருகின்றேன். நம் சமுதாயம் இழந்து கொண்டிருப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பட்டியல் சாதிப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததும் பிரிமெட்ரிக் உதவித்தொகை உண்டு. 2012 இல் தொடங்கிய இத்திட்டத்தில், பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்குள் இருந்தால், வீட்டிலிருந்து படிப்பவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாயும் விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு 7,000 ரூபாயும் என்று பின்னர்த் தொகை உயர்த்தப்பட்டது. நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்து விடுகின்றதே, இதில் உங்களுக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு, அக்கணக்கோடு ஆதார் இணைப்பு ஆகிய இவ்வைந்தும் எட்டாம் வகுப்பிலேயே தயாராக இருந்தால்தான் ஒன்பதாம் வகுப்பில் விண்ணப்பம் போகும். உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையை அங்கே யாருக்குத் தெரியும்? அவன் பெயரை அவர்கள் கற்றுக் கொள்வதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

துப்புரவுப் பணி போன்ற, உடல்நலத்திற்குத் தீங்கு தரும் தொழிலில் உள்ளோரின் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலிருந்தே உதவித்தொகை உண்டு. இதற்கு வருமான வரம்பும் இல்லை. ஆனால் பெற்றோர் இன்ன தொழில் செய்கின்றார் என்று சான்று பெற்றுத் தருதல் வேண்டும். பேரூராட்சியில் குப்பை வண்டி தள்ளும் ஒரு தந்தை என்னிடம் வந்து, "ஐயா, அந்தக் காகிதம் என் மகள் பையில் இருந்தால் வகுப்பில் யாராவது எடுத்துப் படித்து விடுவார்கள், எனக்கு அந்தப் பணம் வேண்டாம்" என்றார். ஆண்டுக்கு 3,500 ரூபாயை வேண்டாம் என்று சொல்லும் செல்வர் அல்லர் அவர். நான் அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். ஏனென்றால் நானும் அதைக் கண்டவன். நான் படித்த காலத்தில், பள்ளியின் பெயர் வேண்டாம், ஆசிரியர் வகுப்பில் நின்று "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்கடா" என்பார். நாங்கள் எழுந்து நிற்போம். மற்றவர்கள் உட்கார்ந்தபடி எங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்த உதவித்தொகையில் வாங்கிய நோட்டுப் புத்தகங்கள் எனக்கு நினைவில்லை. எழுந்து நின்றது நினைவிருக்கின்றது.

அதனால் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் வைத்திருக்கின்றோம். உதவித்தொகை தொடர்பாக எந்தப் பட்டியலும் வகுப்பில் வாசிக்கப்படுவதில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் இல்லை. எந்தக் காகிதத்தையும் பிள்ளை சுமந்து வரவேண்டியதில்லை. பெற்றோர் மாலை ஐந்து மணிக்கு மேல் என் அறைக்கு வரலாம், அல்லது நான் வீட்டுக்குப் போவேன். அந்தத் தந்தையின் விண்ணப்பமும் அவ்வாறே போயிற்று.

மற்றொன்று எட்டாம் வகுப்பிற்கான தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு. இதனை நம் இளைஞர்கள் நன்றாக நினைவில் வைக்க வேண்டுகின்றேன். 2008 இல் தொடங்கிய இத்திட்டத்தில் முதலில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தந்தார்கள். 2017 முதல் 12,000 ரூபாய். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகளுக்கு மொத்தம் 48,000. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமே எழுதலாம். பெற்றோர் வருமானம் மூன்றரை இலட்சத்திற்குள் இருத்தல் வேண்டும். நாடு முழுவதும் ஒரு இலட்சம் பேர். தமிழ்நாட்டின் பங்கு 6,695. மனத்திறனில் 90 வினா, பாடத்தில் 90 வினா. பாட வினாக்களுக்கு எங்கள் பிள்ளைகள் விடை எழுதி விடுகின்றார்கள். எண்தொடர், எழுத்துத்தொடர், படப்புதிர் ஆகியவற்றில்தான் திணறுகின்றார்கள். அறிவுக் குறைவு காரணமன்று. வாராந்தரப் பத்திரிகையில் வரும் புதிர்ப் பக்கத்தை அவர்கள் வீட்டில் யாரும் பிரித்து வைத்ததில்லை. பழகினால் வரும்; மூன்று மாதம் மாலை வகுப்பு போதும்.

இத்தேர்வில் நான் பட்ட அடியையும் சொல்லுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளியில் நால்வர் தேறினர். ஊரே மகிழ்ந்தது, இச்சங்கம் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தியது. மூவருக்குப் பணம் வந்தது. நான்காவது பையனுக்கு வரவில்லை. பள்ளிப் பதிவேட்டில் அவன் பெயருக்கு முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்து இருந்தது. ஆதார் அட்டையில் தந்தையின் முழுப் பெயர் பின்னால் ஒட்டிக் கொண்டிருந்தது. நம் தமிழ்நாட்டு முன்னெழுத்து வழக்கம் டில்லியில் உள்ள கணினிக்குத் தெரியாது. இருவரும் ஒருவரே என்று அது ஏற்றுக் கொள்ளவில்லை. நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. திருத்துவதற்கென்று அவன் தந்தை கூலியை விட்டு விட்டு உத்தமபாளையத்திற்கு நான்கு முறை போனார். நாள் ஒன்றுக்குப் போன கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்து, "விடுங்க சார், கிடைக்கிறதை விடப் போறது அதிகமா இருக்கு" என்று நிறுத்திக் கொண்டார். அப்பையன் பத்தாம் வகுப்போடு நின்றான். இப்போது கேரளப் பக்கத்தில் ஒரு ஏலக்காய்க் கடையில் எடை போடுகின்றான். வழியில் கண்டால் வணக்கம் சொல்லுகின்றான். மனத்திறன் வினாக்களில் அந்த ஆண்டு எங்கள் வட்டாரத்தில் அவன்தான் அதிக மதிப்பெண் பெற்றவன்.

அன்று முதல், ஆறாம் வகுப்பில் பிள்ளை அடியெடுத்து வைத்ததும் முதல் மாதத்திலேயே பள்ளிப் பதிவேடு, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கின்றோம். கைநாட்டு வைக்கும் பாட்டியின் பேத்திக்கும் பிறந்த நாள் சரியாக இருக்கின்றதா என்று பார்க்கின்றோம். இவ்வேலைக்கு எந்தத் திட்டத்திலும் நிதி கிடையாது.

கோம்பையைச் சூழ்ந்த நமது ஊர்களின் நிலைமையை வெளியூர் அதிகாரிகளுக்கு விளக்குவது எளிதன்று. விடிவதற்கு முன்பே ஜீப் வந்து நிற்கும். தாய்மார்கள் தூக்குச் சட்டியோடு ஏறிக் கம்பம் மெட்டு வழியாகவோ போடி மெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்ந்த பிறகே திரும்புவார்கள். ஆகஸ்டு தொடங்கித் தை மாதம் வரை காய் எடுப்புக் காலம். அக்காலத்தில் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், எட்டாம் வகுப்புப் பெண்தான் அதற்குத் தாய். சிலர் குடும்பத்தோடு தோட்டத்து லயத்திலேயே தங்கி விடுவார்கள். பிள்ளையின் பெயர் எங்கள் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை கேரளத்தில் இருக்கும். பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்சி மையம் நடத்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வழியுண்டு. எட்டாத குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் படி ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை உண்டு. ஆனால் இவற்றையெல்லாம் பெற முன்கூட்டியே, வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கு வேண்டும். கணக்கெடுக்க ஏப்ரல், மே மாதங்களில் போகின்றோம். அப்போது அனைவரும் ஊரில்தான் இருக்கின்றார்கள்! ஆகஸ்டு மாதத்தில் போனால்தான் யார் இல்லை என்பது தெரியும். இதனை நான் கூட்டங்களில் பலமுறை எழுந்து சொல்லியிருக்கின்றேன்.

பெண் பிள்ளைகளுக்கென்று 2008 இல் ஒரு திட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதில் சேரும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களின் பெயரில் 3,000 ரூபாய் வைப்பு நிதி. பத்தாம் வகுப்புத் தேறிப் பதினெட்டு வயது ஆனதும் வட்டியோடு எடுத்துக் கொள்ளலாம் என்றார்கள். பிறகு அத்திட்டம் நின்று போயிற்று. நான் உதவியாசிரியராக இருந்தபோது என்னிடம் படித்த ஒரு பெண், மணமாகிக் கையில் குழந்தையோடு வந்து, "சார், என் பேரில் பணம் போட்டிருப்பதாக அப்போது சொன்னீர்களே" என்று கேட்டாள். ஒரு வங்கிக் கிளையில் விசாரித்தோம். வேறொரு கிளைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே எங்களுக்குத் தெரியாது என்றார்கள். அவளுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கின்றேன்.

மாநில அரசின் திட்டங்களைப் பற்றி விரிவாகப் பேச எனக்கு நேரமில்லை. ஒன்றை மட்டும் பெற்றோர்கள் காதில் போட்டு வைக்கின்றேன். 2020 இல் வந்த மருத்துவப் படிப்பிற்கான ஏழரை விழுக்காட்டு ஒதுக்கீடும், கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருவதற்கு 2022 இல் வந்த திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்று வந்தவை. கடன் வாங்கி ஆறாம் வகுப்பில் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றுகின்றவர்கள், எதை வாங்குகின்றோம், எதை விற்கின்றோம் என்று தெரிந்து கொண்டு செய்யட்டும்.

வெளிநாட்டில் இதனை எப்படிச் செய்கின்றார்கள் என்று ஓர் இளைஞர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் குடியரசுத் தலைவராக இருந்த லிண்டன் ஜான்சன் இளமையில் டெக்சாஸ் மாநிலத்துக் கொட்டுல்லா என்னும் சிற்றூரில், மெக்சிகோ வழிவந்த ஏழைக் குழந்தைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். 1965 இல் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு மைய அரசு பணம் தரும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். தாம் படித்த கிராமப் பள்ளிக்கே சென்று, தம்முடைய முதல் ஆசிரியையைப் பக்கத்தில் அமர்த்திக் கொண்டு கையெழுத்திட்டார். (எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இதைக் கேட்கும்போது ஒரு சிறு பெருமை.) அச்சட்டத்தில் நமக்குத் தேவையான செய்திகள் இரண்டு உள்ளன. ஒன்று, பள்ளியில் எத்தனை தலை என்பதோடு எத்தனை ஏழைத் தலை என்றும் பார்த்துப் பணம் வருகின்றது. நம்முடைய பள்ளி மானியமோ தலையை மட்டுமே எண்ணுகின்றது. ஏழ்மையை நிறுவும் பொறுப்பைப் பிள்ளையின் தோளில், சான்றிதழ் உருவில், ஏற்றி வைத்து விடுகின்றது. இரண்டாவது, மைய அரசின் பணம் ஏற்கெனவே உள்ளூரில் செலவாகும் பணத்திற்கு மேலே சேர்தல் வேண்டும். அதற்குப் பதிலாக ஆகிவிடல் கூடாது என்பது அவர்கள் விதி. இங்கே பல நேரங்களில் மின் கட்டணமும் குழாய் பழுதும் அம்மானியத்திலேயே அடைந்து விடுகின்றன. ஏழைப் பிள்ளைக்கென்று தனியே என்ன மிஞ்சியது என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

மைய அரசின் பணத்தை நம்பியிருப்பதில் உள்ள ஆபத்தை 2024 இல் நேரில் பார்த்தோம். 2024-25 ஆம் ஆண்டிற்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டிற்கு வரவேண்டிய மத்தியப் பங்கு 2,152 கோடி ரூபாய். தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைந்த பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால் அது நிறுத்தப்பட்டது. 2025 மே மாதத்தில் மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. அரசு ஊழியனாகிய நான் மேடையில் அரசியல் பேசலாகாது; பேசவும் மாட்டேன். இரண்டு பெரியவர்கள் வழக்காடும்போது யார் பட்டினி கிடக்கின்றார் என்பதை மட்டும் சொல்லலாம். இத்திட்டத்தின் பணம் சுண்ணக்கட்டியாக மட்டும் வருவதில்லை, ஆளாகவும் வருகின்றது. நடக்க முடியாத பிள்ளையின் வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் சிறப்பாசிரியரும் வட்டார வள மையத்தின் இயன்முறை மருத்துவரும் இதில்தான் ஊதியம் பெறுகின்றார்கள். எங்கள் பகுதிக்கு வரும் சிறப்பாசிரியை ஒருவர் தம் ஊதியம் எப்போது வரும் என்று தெரியாத நிலையிலும் பேருந்துக்குத் தம் கைக்காசைப் போட்டு வந்து கொண்டிருந்தார். அவரால் கையசைக்கக் கற்றுக் கொண்ட பிள்ளை நம் தெருப் பிள்ளை.

இளைஞர்களே, பட்டம் பெற்ற உங்களைப் பார்த்துத்தான் இனிப் பேசுகின்றேன். 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கின்றது. அதில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவது அக்குழு. மானியம் எப்படிச் செலவாயிற்று என்று பார்ப்பதும் அக்குழு. நம் தாய்மார்கள் பலர் அதில் உறுப்பினர்கள். தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்தும் இருக்கின்றது. ஆனால் கூட்டம் நடக்கும்போது அவர்கள் மலையில் இருக்கின்றார்கள். மாலையில் ஜீப்பிலிருந்து இறங்கி வரும் வழியில் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கும் தலைமையாசிரியர்களை நான் அறிவேன். நானும் வாங்கியிருக்கின்றேன். இப்போது கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு மாற்றியுள்ளோம்; வருகின்றார்கள். வந்தவர்கள் கேள்வி கேட்கின்றார்கள். போன கூட்டத்தில் ஒரு தாய், "சத்துணவு அரிசி பெரிய பிள்ளைக்கு 150 கிராம், சின்னப் பிள்ளைக்கு 100 கிராம் என்று என் மகன் படித்துச் சொன்னான், எங்கே, ஒருநாள் நிறுத்துக் காட்டுங்கள்" என்றார். நிறுத்துக் காட்டினோம். எடை சரியாக இருந்தது என்பதை அமைப்பாளர் சார்பில் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் அன்றிலிருந்து சமையலறைத் தராசுக்கு ஒரு மரியாதை வந்து விட்டது.

உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. சங்கம் ஆண்டுதோறும் தரும் நோட்டுப் புத்தகங்களுக்கு நன்றி. ஆனால் பள்ளியில் அரசு நோட்டுப் புத்தகம் இப்போது கிடைக்கின்றது. அதை விட உங்கள் கால்களும் கைப்பேசியும் எங்களுக்கு வேண்டும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் போட, உத்தமபாளையம் வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலை என்னவென்று கேட்க, வங்கியில் ஆதார் இணைந்ததா என்று பார்க்க ஒரு கூலித் தொழிலாளிக்கு நான்கு நாள் கூலி போகின்றது. உங்களுக்கு ஒரு முற்பகல் போகும். திறன் தேர்வுக்கு மாலை வகுப்பு எடுக்க ஆள் வேண்டும். சங்கக் கட்டடத்தில் மின்விளக்கு இருக்கின்றது, கரும்பலகையை நான் தருகின்றேன். ஆகஸ்டு மாதத்தில் தெருத் தெருவாகச் சென்று எந்த வீட்டுப் பிள்ளை மலையில் இருக்கின்றது என்று கணக்கெடுத்துத் தந்தால், அதை வைத்து வட்டார வள மையத்தில் சண்டை போடுவது என் பொறுப்பு.

இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் 23 பிள்ளைகள். அவர்களுள் ஐந்து தாள்களும் சரியாக உள்ளவர்கள் 12 பேர். நால்வருக்கு வருமானச் சான்று இல்லை; மூவருக்கு வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையவில்லை; இருவருக்குப் பெயர் ஒத்துப் போகவில்லை; ஒரு பெண்ணுக்குச் சாதிச் சான்றே இல்லை, அவள் தந்தைக்கும் இருந்ததில்லை; ஒருவன் மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. இப்பதினொரு வீடுகளின் பட்டியலைப் பெயரில்லாமல், தெருவும் தேவையும் மட்டும் எழுதி, மண்டப வாயிலில் உள்ள மேசையில் வைத்திருக்கின்றேன். போகும்போது யார் எந்த வீட்டை எடுத்துக் கொள்கின்றீர்கள் என்று எழுதி விட்டுச் செல்லுங்கள். பேனாவும் வைத்திருக்கின்றேன்.